கைப்பிடிச் சாதம் – 14: சிவப்பு ஊசி

தேசிகனின் வயிற்றிலிருந்து செங்கேணி 'மருந்து' எடுத்துக் காட்டியதோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். அந்த மருந்தைச் சோற்றில் வைத்தது நாமகிரிதான் என்று முடிவு கட்டிவிட்டவர்கள் கருவேலம்பாக்கம் அக்கிரகாரத்தில் மட்டும் இல்லை. உங்களிலும் சிலர் இருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு நாலு வரி சொல்லிவிடுகிறேன். தேசிகன் பெருமாள் கோயில் மடைப்பள்ளியில் தளிகை செய்கிறவர். ஏழு வருஷத்துக்கு முன்னால், ஐம்பத்தேழில், வயிற்றுப் புண் முற்றிப்போய் மெட்ராஸில் ஆபரேஷன் செய்துகொண்டார். இரைப்பையில் முக்கால் பங்கு போய்விட்டது. மனுஷர் பிழைத்து வந்து நாலு வருஷம் நன்றாகவே இருந்தார். அப்புறம்தான் இளைத்தார், வெளுத்தார், நாக்கு ரணமாயிற்று, கால் தடுமாறியது. கிணற்றடியில் முகம் கழுவக் கண்ணை மூடினால் குப்புற விழுந்தார்.

மனைவி நாமகிரி பட்டினி போட்டே கொல்கிறாள் என்றாள் தேசிகனின் அக்கா ஜலஜா. வேளைக்கு ஒரே ஒரு கைப்பிடிச் சாதம் போடுகிறாளாம். உண்மைதான், போட்டாள். மிச்சமிருக்கும் கால் பங்கு இரைப்பையில் அதற்கு மேல் போனால் அவருக்கு வேர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடக்கும். அதனால் நாளைக்கு ஆறு தடவை கைப்பிடி கைப்பிடியாகப் போட்டாள். ஜலஜா பள்ளிக்கூடத்து டீச்சர். காலையில் போய்ச் சாயங்காலம் வருகிறவள் கண்ணில் அந்த ஆறில் இரண்டுதான் பட்டது. அந்த இரண்டைத் தெரு முழுக்கச் சொன்னாள்.

பட்டினிக் கதை பழசானதும் மருந்துக் கதை வந்தது. சோற்றில் வைத்த மருந்தை உறிஞ்சி எடுப்பதே தொழிலான செங்கேணி புள்ளலூரிலிருந்து வந்தாள். தேசிகனைக் கொல்லைப்புறத்தில் படுக்க வைத்து, தொப்புளில் குழலை வைத்து உறிஞ்சி, ஒரு மயிர்ச் சுருளைத் தாம்பாளத்தில் துப்பினாள். தெருவே நின்று பார்த்தது. அன்றைக்கே காஞ்சீபுரத்தில் ஆபீஸ் பார்க்கும் தம்பி ராஜாராமனுக்குத் தந்தி போயிற்று. வெள்ளிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் வருகிறேன், மன்னியைத் தாமலில் அவள் அப்பா வீட்டிலேயே கொண்டு விட்டுவிடலாம் என்று பதில் வந்தது.

இது அந்த வெள்ளிக்கிழமை.

காலை ஏழு மணி இருக்கும். மடைப்பள்ளியின் பின்வாசலில் எல்லப்பன் விறகுக் கட்டை இறக்கிக்கொண்டிருந்தான். தேசிகன் பொங்கல் தவலையைக் கிண்டிக்கொண்டிருந்தார். அடுப்பிலிருந்து ஒரு தணல் உருண்டு தரையில் விழுந்தது. அவர் பின்னால் ஓர் அடி வைத்தார். சரியாக அதன்மேல் வைத்தார்.

வைத்த காலை எடுக்கவில்லை. கரண்டி பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

எல்லப்பனுக்கு முதலில் நாற்றம்தான் தெரிந்தது. அப்புறம்தான் அந்தக் காலைப் பார்த்தான்.

"சாமி! காலு சாமி, காலு! நெருப்ப மெறிச்சிக்கினு நிக்கிறியே!"

தேசிகன் திரும்பி, "என்னடா?" என்றார் சாவகாசமாக.

மடைப்பள்ளிக்குள் நானும் நுழைய முடியாது, நீங்களும் நுழைய முடியாது. தளிகை செய்கிறவரைத் தவிர யார் உள்ளே போனாலும் அன்றைய தளிகை பெருமாளுக்கு ஆகாது. எல்லப்பன் அதையெல்லாம் யோசிக்கவில்லை. ஒரே பாய்ச்சலில் உள்ளே போய், அவரை இடுப்போடு சேர்த்துத் தூக்கி வந்து வெளியே வேப்ப மரத்தடியில் உட்கார்த்தினான். அவர் காலில் ஒட்டியிருந்த தணலை விரலாலேயே தட்டிவிட்டான். அவன் விரல் பொத்துப் போயிற்று. அவன் கத்தினான். தேசிகன் கத்தவில்லை.

பொங்கல் தவலை அப்படியே கவிழ்க்கப்பட்டது. எல்லப்பனின் மாட்டு வண்டி வீட்டுக்கு வந்து சேர்வதற்கு முன்னால் அந்தச் செய்தி வந்து சேர்ந்துவிட்டது.

வண்டி கொல்லைப்புறச் சந்தில் நின்றது. நாமகிரி கிணற்றடியில் இருந்தாள்.

"அம்மா, ஒரு பாய எத்தா. சாமிக்கு காலு வெந்து கீது."

அவள் பாய் எடுக்க ஓடுவதற்குள் ஜலஜா வந்துவிட்டாள். தம்பி வருவதற்காக அன்று லீவு போட்டிருந்தாள்.

"நில்லு அங்கேயே! மடைப்பள்ளியைத் தீட்டாக்கினது போறாதுன்னு ஆத்துக்குள்ளேயும் வரப் பார்க்கறயா?"

"போவாம இன்னா பண்ண சொல்றீங்க டீச்சரம்மா? காலு வேவுது, இவரு பொங்கலு கிண்டிக்கினு கீறாரு. யாராவது வந்து பர்மிசன் குடுக்கிற வரிக்கும் வேடிக்க பாத்துக்கினு நிக்கணுமா?"

நாமகிரி கணவனின் பாதத்தை மடியில் எடுத்து வைத்துப் பார்த்தாள். எட்டணாக் காசு அளவுக்குத் தோல் வெந்து வெளுத்துக் கிடந்தது.

"வலிக்கலையான்னா?"

"எது?" என்றார் தேசிகன்.

"பார்த்தயா?" என்றாள் ஜலஜா. "செங்கேணி அன்னிக்கே சொன்னா, மிச்சம் கொஞ்சம் உள்ளே நிக்கறதுன்னு. அதுதான் காலுக்கு இறங்கியாச்சு. பாவி, இன்னும் எங்கெல்லாம் இறங்கணும்னு வெச்சிருக்கயோ?"

நாமகிரி பதில் சொல்லவில்லை. பதினாலு வாரமாக அவள் பதில் சொல்லாமல் இருப்பதைப் பற்றி எனக்கே கோபம் உண்டு.

எல்லப்பன்தான் குறுக்கே விழுந்தான். "இன்னா மருந்து, இன்னா எறங்கறது? சாமி, நீ ஊசி போட்டுக்கிறியா இல்லியா?"

தேசிகன் கிணற்றுக் கப்பியைப் பார்த்தார்.

"எந்த ஊசி?" என்றாள் நாமகிரி.

"செவப்பு ஊசிம்மா. எனக்கும் சாமிக்கும் ஒரே வாரத்துல வயித்த அறுத்தாங்க. பக்கத்து பக்கத்து கட்டிலு. அந்த பழக்கத்துலதான் இந்த வெறகு வேலையே சாமி எனக்கு வாங்கி குடுத்தாரு. நான் மாசா மாசம் போட்டுக்கினு கீறேன். மின்ன காஞ்சீபுரம் போவேன், இப்ப நம்ம தானியேல் டாக்டராண்ட. பாரு, மூட்ட தூக்கறேன், ஏர் ஓட்றேன். சாமி ஏன் இப்டி ஆயிட்டாரு?"

"அது எட்டு மாசத்தோட போறும்னு மெட்ராஸ் டாக்டர் சொல்லிட்டாராமே, எல்லப்பா?" என்றாள் நாமகிரி.

"யாரு சொன்னா? சாவுற வரிக்கும் வுடக் கூடாதுன்னு சீட்டு எழுதி குடுத்தாங்க. ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி சீட்டு. எனக்கு எழுத்து தெரியாது. சாமிதானேம்மா படிச்சி சொன்னாரு!"

நாமகிரி கணவன் முகத்தைப் பார்த்தாள். அவர் பார்வை கப்பியை விட்டு இறங்கவில்லை.

"வண்டியைத் திருப்பு, எல்லப்பா" என்றாள்.

"எங்கே?" என்று சீறினாள் ஜலஜா. "சாயங்காலம் ராஜாராமன் வரான். அவன் வந்து முடிவு பண்ற வரைக்கும் இவன் இந்தப் படியைத் தாண்டக் கூடாது."

"ராஜாராமன் என்னை அனுப்பறதுக்குத்தானே வரார்? அனுப்பட்டும். சாயங்காலம் வரைக்கும் நான் இவருக்கு ஆம்படையாள்."

இந்த வீட்டில் அவள் குரல் உயர்ந்து ஜலஜா கேட்டது அதுதான் முதல் தடவை. ஒரு நிமிஷம் திகைத்தாள். பிறகு புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, "அப்போ நானும் வரேன். வழியிலே நீ எதை வாயிலே போடுவயோ, யார் கண்டா" என்று வண்டியில் ஏறினாள்.

உத்திரமேரூருக்கு ரெண்டு மைல் தூரம். ஒரு பக்கம் மனைவி, ஒரு பக்கம் அக்கா, நடுவில் தேசிகன். ஏரிக்கரை மேட்டில் வண்டி ஆடியபோதெல்லாம் ரெண்டு பேரும் அவரைப் பிடித்தார்கள். ஒருத்தி கை இன்னொருத்தி கைமேல் பட்டுவிடாமல் பிடித்தார்கள்.

டாக்டர் தானியேல் உத்திரமேரூரில் டிஸ்பென்சரி திறந்து நாலு மாசம்தான் ஆகிறது. கட்டை குட்டையான மனுஷர். நோயாளியிடம் இதமாகப் பேச வேண்டும் என்பது அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்காத விஷயம்.

"நாக்கை நீட்டுங்க" என்றார், எல்லப்பன் ஆபரேஷன் கதையைச் சொல்லி முடிப்பதற்குள்.

தேசிகன் நீட்டினார். தீயில் வாட்டினது போலச் சிவந்து, வழவழவென்று இருந்தது.

"புளி, காரம் பட்டா எரியுதா?"

"மூணு வருஷமா."

கண் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே ரத்தமே இல்லை. ஓர் இரும்புக் கவையை மேஜையில் தட்டி, கணுக்கால் எலும்பில் வைத்தார். அறை முழுக்க அது ரீங்காரமிட்டது.

"அதிர்வு தெரியுதா?"

"என்ன அதிர்வு?" என்றார் தேசிகன்.

டாக்டர் புண்ணுக்குக் கட்டுப் போட்டார். பிறகு, "எழுந்திரிங்க. ரெண்டு காலையும் ஒட்டி வெச்சு நில்லுங்க. சரி. இப்போ கண்ணை மூடுங்க" என்றார்.

தேசிகன் மூடினார். ஒரு விநாடி நின்றார். அப்புறம் அடியில் வெட்டின வாழை மரமாகச் சாய்ந்தார்.

எப்போதும் அவரைத் தாங்குகிற கை நாமகிரியுடையது. கிணற்றடியில், வாசற்படியில், இருட்டில், மூணு வருஷமாக அவர் விழும்போதெல்லாம் அவள் அங்கே இருந்தாள். இன்றைக்கும் பக்கத்தில்தான் நின்றாள். கை வரவில்லை. வாசலில் நின்ற எல்லப்பன் ஓடி வந்து பிடித்தான்.

"எத்தனை வருஷமா ஊசி இல்லை?" என்றார் டாக்டர்.

"ஆறு" என்றாள் நாமகிரி.

"ஆறு வருஷம்! ஒரு மனுஷனைக் கொல்லணும்னு நினைச்சா இதைவிட நல்ல வழி கிடையாது. நிறுத்தினது யாரு?"

"இவள் பட்டினி போட்டாள் டாக்டர்" என்று முந்திக்கொண்டாள் ஜலஜா. "வேளைக்கு ஒரு கைப்பிடி. அதைச் சொல்லுங்கோ முதல்லே."

"கைப்பிடிதான் போடணும். அவங்க செஞ்சது சரி. இந்தாங்கம்மா, கேட்டுக்குங்க. சாப்பாட்டில இருக்கிற ஒரு சத்தை ரத்தத்துக்குள்ள கொண்டுபோய்ச் சேர்க்கிற சாறு இரைப்பையில ஊறுது. இவருக்கு அது ஊறுற பாகமே போயிடுச்சு. ஒரு கைப்பிடி போட்டாலும் ஒரு மரக்கால் போட்டாலும் அந்தச் சத்து இவர் உடம்பில ஒட்டாது. அதுக்குத்தான் ஊசி. இல்லேன்னா ரத்தம் வத்தும், அப்புறம் நரம்பு செத்துப் போகும். இப்போ செத்துக்கிட்டிருக்கு."

"நிறுத்தி மூணு வருஷம் நன்னாத்தானே இருந்தான்?"

"உங்க ஊர் ஏரிக்கு வரத்துக்கால் அடைபட்டா அன்னிக்கேவா வத்துது? தேங்கினது கொஞ்ச காலம் வரும். அது தீர்ந்தப்புறம்தான் வெடிப்பு விடும். நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. நிறுத்தினது யாரு?"

தேசிகன் தலையைக் குனிந்துகொண்டார். ஜலஜா அவரைப் பார்த்தாள். அவர் சொல்லப் போவதில்லை என்பது தெரிந்ததும் அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. தம்பிமேலா, டாக்டர்மேலா, யார்மேல் என்று அவளுக்கே தெரியவில்லை.

"அது ரத்தம் டாக்டர்! செக்கச் செவேல்னு கண்ணாடிக் குப்பியிலே ரத்தம்! மருந்துக்கடை ஏகாம்பரம்தான் மாசா மாசம் போட்டார். ஒரு நாள் நானும் கூடப் போயிருந்தேன். இது என்ன இப்படிச் சிவப்பா இருக்குன்னு கேட்டேன். ஆட்டு ஈரல்லேர்ந்து எடுக்கறதுன்னார். பெருமாளுக்குத் தளிகை பண்ற கையிலே அதை ஏத்திண்டு நிக்க முடியுமா? இவன்தான் வேண்டவே வேண்டாம்னான். எட்டு மாசம் ஏத்திண்டது வெளியே தெரிஞ்சா மடைப்பள்ளி போயிடும்னு நடுங்கினான். நாமகிரிக்குத் தெரிஞ்சா கையைப் பிடிச்சுப் போட வெச்சுடுவா, அவகிட்ட டாக்டரே நிறுத்தச் சொன்னார்னு சொல்லிடறேன், நீயும் வாயைத் திறக்காதேன்னு என் கையிலே சத்தியம் வாங்கினான்."

மூச்சு வாங்க நிறுத்தினாள். எல்லப்பன் மெதுவாகத் தேசிகனை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டான்.

டாக்டர் அலமாரியிலிருந்து ஓர் அட்டைப் பெட்டியை எடுத்துத் திறந்தார். பஞ்சுக்கு நடுவில் பத்துச் சின்னக் கண்ணாடிக் குப்பிகள். உள்ளே மாதுளம் பழச் சாறு நிறத்தில் மருந்து.

"ஈரல் சாறு ஊசின்னு ஒண்ணு இருந்தது, இல்லேங்கலை. அது பழுப்பா இருக்கும். இது அது இல்லை. பாலைத் தயிராக்க உறை குத்தறீங்களே, அந்த மாதிரி கண்ணுக்குத் தெரியாத கிருமியைத் தொட்டியில வளர்த்து எடுக்கிறது. இதில ஆடும் இல்லை, ரத்தமும் இல்லை. இதோட இயற்கை நிறமே சிவப்பு. ஒரு வார்த்தை, யார்கிட்டயாவது ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தா போதும்."

நிறத்தைப் பார்த்து ஒதுக்கிவிட்டார்கள். ஆறு வருஷம். எனக்கு இதை எழுதவே கை கூசுகிறது.

ஊசி போடப்பட்டது. தேசிகன் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. குப்பி காலியாகும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கால் திரும்புமா?" என்று நாமகிரி கேட்டாள்.

"நாக்கும் ரத்தமும் திரும்பும். கால் பாதி திரும்பலாம். பத்து நாள் தினம் ஒண்ணு, ஒரு நாள்கூடத் தவறக் கூடாது. தவறினா நான் பொறுப்பில்லை. எல்லப்பனுக்கு வெச்சிருந்த பெட்டி இது. இன்னொண்ணு மெட்ராஸ்லேர்ந்து வர ஒரு வாரம் ஆகும். புண்ணோட இவர் நடக்க வேண்டாம். பெட்டியை வீட்டில வெச்சிருங்க, காலையில எட்டு மணிக்கு நானே வந்து போட்டுட்டுப் போறேன். இந்தாங்க, இரும்புச் சத்து மாத்திரை, சுண்ணாம்புச் சத்து மாத்திரை. இதுவும் ஆயுசுக்கும்."

நாமகிரி பெட்டியை வாங்கிக்கொண்டாள். ஒன்பது குப்பிகள்.

"டாக்டர், வயித்துக்குள்ளே மயிர்ச் சுருள் இருந்து, அதைத் தொப்புள் வழியா உறிஞ்சி எடுக்க முடியுமா?" என்று கேட்டாள்.

"யார் சொன்னது அந்தப் பைத்தியக்காரத்தனத்தை?"

"சும்மா கேட்டேன்" என்றாள். ஜலஜா எழுந்து வெளியே போய்விட்டாள்.

திரும்பும் வழியில் ஜலஜா வண்டியில் ஏறவில்லை. பத்தடி பின்னால் வெயிலில் நடந்து வந்தாள்.

வண்டிக்குள் நாமகிரி கேட்டாள்: "செங்கேணி தாம்பாளத்திலே துப்பினப்போ உங்களுக்குத் தெரியும், இல்லையா? நான் ஒண்ணும் வெக்கலைன்னு."

தேசிகன் கால் கட்டின் முடிச்சைத் தடவிக்கொண்டிருந்தார்.

"தெருவே நின்னு என்னைப் பார்த்தது. நீங்க கண்ணை மூடிண்டு படுத்திருந்தேள்."

"மடைப்பள்ளி போயிட்டா நான் எதுக்கு ஆவேன், நாமகிரி? எனக்கு வேறே என்ன தெரியும்?" அது பொய் இல்லை. அந்த மனுஷருக்கு அடுப்பும் தவலையும் பெருமாளும் தவிர வேறு உலகம் கிடையாது.

"சரி. இப்போ ஈரல் இல்லேன்னு டாக்டரே சொல்லியாச்சு. சாயங்காலம் ராஜாராமன் வருவார். ஊரும் வேடிக்கை பார்க்க வரும். அப்போ ஒரு வார்த்தை சொல்லுங்கோ. இவள் பட்டினி போடலை, மருந்து வெக்கலை, ஊசியை நான்தான் நிறுத்தினேன்னு. எனக்கு வேறே ஒண்ணும் வேண்டாம்."

வண்டி ஏரிக்கரை மேட்டைத் தாண்டியது.

"கால் புண் ஆறட்டுமே" என்றார். "இன்னிக்கு மடைப்பள்ளி தீட்டாகி ஊரே கொதிச்சிண்டிருக்கு. இப்போ போய் எட்டு மாசம் போட்டுண்டதைச் சொன்னா, அது ஈரல் இல்லேன்னு யார் கேட்கப் போறா? இத்தனை நாள் பொறுத்துண்டாச்சு. இன்னும் நாலு நாள் பொறுத்துக்கோயேன்."

நாமகிரிக்கு வந்ததைக் கோபம் என்று சொன்னால் போதாது. அவளுக்குள் ஏதோ ஒன்று அந்த நிமிஷத்தில் சில்லிட்டுப் போயிற்று.

மத்தியானம் வழக்கம்போல ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கைப்பிடிச் சாதம் பிசைந்து கொடுத்தாள். மாத்திரை கொடுத்தாள். கட்டை மாற்றினாள். நடுவில் ஜலஜா சமையலறை வாசலில் வந்து நின்றாள். அழுதிருந்தாள் போலிருக்கிறது, கண் சிவந்திருந்தது. ஆனால் வாய் மாறவில்லை.

"ஊசி பாட்டுக்கு ஊசி. மருந்து பாட்டுக்கு மருந்து. என் கண்ணாலே பார்த்தேன் அந்தச் சுருளை. நீ வெச்சது வெச்சதுதான்."

"அப்படியே இருக்கட்டும் அக்கா" என்றாள் நாமகிரி.

ஐந்து மணிக்குத் தேசிகன் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஜலஜா தம்பிக்கு வெந்நீர் போட்டுக்கொண்டிருந்தாள். நாமகிரி நாலு புடவைகளை எடுத்துப் பையில் வைத்தாள். கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

காஞ்சீபுரத்து பஸ் உத்திரமேரூர் வழியாக வந்து, கருவேலம்பாக்கம் ஏரிக்கரையில் பத்து நிமிஷம் நின்று திரும்பும். ராஜாராமன் குடையும் தோல்பையுமாக இறங்கினான். எதிரே மன்னி.

"எங்கே கிளம்பியாச்சு?" என்றான். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த கடுமை, அவளை இந்த இடத்தில் எதிர்பார்க்காததால் கொஞ்சம் பிசகிவிட்டது.

"தாமலுக்கு. நீங்க சிரமப்பட வேண்டாம்னு நானே போறேன்."

"அதுவும் நல்லதுதான். ஆனா நாலு பேர் முன்னாடி பேசித் தீர்த்துண்டு போறதுதான் முறை. பயந்து ஓடற மாதிரி இருக்கே."

"பயந்து ஓடறது நான் இல்லை. உங்க அண்ணாவை எழுப்பிக் கேளுங்கோ. அவர் சொல்லலைன்னா உங்க அக்காவைக் கேளுங்கோ. அவளும் சொல்லலைன்னா விறகு கொண்டுவர எல்லப்பனைக் கேளுங்கோ. அவனுக்கு எழுத்துத்தான் தெரியாது, மத்ததெல்லாம் தெரியும்."

கண்டக்டர் விசில் ஊதினான். நாமகிரி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

"இன்னொண்ணும் சொல்லிடுங்கோ. பெட்டி என்கிட்ட இருக்கு. வேணும்னா அவர் தாமலுக்கு வரட்டும். எங்கப்பா முன்னாடி, நான் பட்டினி போடலைன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்கிண்டு போகட்டும்."

"என்ன பெட்டி? மன்னி! என்ன பெட்டி?"

பஸ் நகர்ந்துவிட்டது. ராஜாராமன் குடையை ஆட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் ஓடி வந்தான். புழுதியில் நின்றுவிட்டான்.

அவசரத்தில் மறந்து எடுத்து வந்துவிட்டாள் என்று எழுதினால் நீங்கள் அவளை மன்னிப்பீர்கள். நான் அப்படி எழுதப் போவதில்லை. அந்த அட்டைப் பெட்டியை வீட்டு அலமாரியிலிருந்து எடுத்தவள் அவள்தான். நாளைக் காலை எட்டு மணிக்கு டாக்டர் வருவார் என்பதும், இந்த வட்டாரத்தில் வேறு பெட்டி இல்லை என்பதும், கண்ணைத் திறந்திருந்தாலும் சரியாக நடக்க முடியாத ஒருவரைத்தான் தாமலுக்கு வரச் சொல்கிறோம் என்பதும் தெரிந்தேதான் எடுத்தாள். ஆறு வருஷம் வாயைத் திறக்காதவர் திறக்கட்டும் என்று எடுத்தாள்.

பஸ் உத்திரமேரூரைத் தாண்டியது. மழையில் அரித்துப்போன ரோடு. ஒரு பெரிய பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கி, வண்டி முழுதும் ஒரு தூக்குத் தூக்கிப் போட்டது. முன்சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்த நாமகிரி கம்பியை விட்டுவிட்டாள். தலை ஜன்னல் சட்டத்தில் இடித்தது.

ரெண்டு கையாலும் அவள் மடியிலிருந்த, குப்பிப் பெட்டி வைத்த பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.